பர்கூர் பக்கமிருந்து கப்பலுக்கு இ.டி.ஓ. (எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர், மின்வேலை அதிகாரி) ஆகப் போகலாமா? பழைய ரேடியோ ஆபீசர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்

மாந்தோப்பு_பர்கூர்

எல்லோருக்கும் வணக்கம். நான் பர்கூர் பக்கத்து கிராமம். டிப்ளமோ இ.இ.இ. முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் இரண்டு வருடமாகக் காண்ட்ராக்டில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். மோட்டார் ரீவைண்டிங்குக்கு அனுப்புவது, கான்டாக்டர் மாற்றுவது, சென்சார் பார்ப்பது, இதுதான் தினமும். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு, எல்லாம் பெங்களூரா ரகம். மாங்கூழ் பேக்டரிக்காரர்கள் சொல்வதுதான் விலை.

சின்ன வயதிலிருந்தே கப்பலில் போகவேண்டும் என்று ஆசை. எங்கள் மாவட்டத்துக்குக் கடலே கிடையாது, முதல் முறை கடல் பார்த்தது பாலிடெக்னிக் டூரில் மெரினாவில். ஆனாலும் அந்த எண்ணம் போகவில்லை. இப்போது சென்னையில் ஓர் ஏஜெண்ட் அறிமுகமானார். கோர்ஸ், சி.டி.சி. (மாலுமிப் பதிவுப் புத்தகம்), கப்பலில் ஏற்றிவிடுவது எல்லாம் சேர்த்து 7 லட்சம் கேட்கிறார். அப்பா தோப்பை அடமானம் வைக்கிறேன் என்கிறார். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை.

ரேடியோ ஆபீசர் என்ற வேலை இன்னும் இருக்கிறதா? இ.டி.ஓ. என்பதும் அதுவும் ஒன்றா? டிப்ளமோ போதுமா? தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

பழைய_ஸ்பார்க்ஸ்

தம்பி, முதலில் ஒன்று. அந்த ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே, எதிலும் கையெழுத்துப் போடாதே. காரணத்தைப் பின்னால் யாராவது விவரமாகச் சொல்வார்கள், இல்லையென்றால் நானே வந்து எழுதுகிறேன்.

நான் காவேரிப்பட்டணம். 1979-ல் ரேடியோ ஆபீசராகக் கப்பலேறினேன், 1998-ல் இறங்கினேன். கப்பலில் எங்களை ஸ்பார்க்ஸ் என்பார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். நீ கேட்ட வேலை அப்போது என்னவாக இருந்தது என்று சொல்கிறேன், அப்போதுதான் இப்போது அது எங்கே போயிருக்கிறது என்பது உனக்குப் புரியும்.

பிரிட்ஜ் என்ற கப்பல் ஓட்டும் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் நான் ஒருவன்தான். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 500 கிலோஹெர்ட்ஸைக் கேட்கவேண்டும். உலகத்துக் கப்பல்கள் எல்லாம் ஒன்றையொன்று கூப்பிடும் இடம் அது, ஆபத்து என்றால் எஸ்.ஓ.எஸ். வருவதும் அங்கேதான். சுவரில் ஒரு கடிகாரம் இருக்கும், அதன் முகத்தில் 15-லிருந்து 18 நிமிடம் வரையும் 45-லிருந்து 48 வரையும் சிவப்பு அடித்திருக்கும். அந்த மூன்று நிமிடம் யாரும் 500-ல் அனுப்பக்கூடாது, எல்லோரும் கேட்க மட்டும்தான் வேண்டும். எங்கேயோ ஒருவன் பலவீனமான பேட்டரியோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்த மௌனத்தில்தான் அவன் குரல் கேட்கும். குரல் பேசும் 2182 கிலோஹெர்ட்ஸுக்குத் தனியாகப் பச்சை, மணி தொடங்கும்போதும் அரை மணிக்கும் மூன்று மூன்று நிமிடம். நடுக்கடலில் அதுவரை கசகசவென்று மோர்ஸ் அடித்துக்கொண்டிருந்த இடம் சட்டென்று அடங்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். பத்தொன்பது வருடமும் சிலிர்த்தது.

மீதி 16 மணி நேரம்? நான் தூங்கும்போது ஆட்டோ அலாரம் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு நிமிடத்தில் நான்கு நான்கு விநாடியாக 12 நீண்ட கோடுகள் அனுப்புவார்கள், அதைப் பிடித்தால் என் கட்டிலுக்குப் பக்கத்தில் மணி அடிக்கும். 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது பக்கத்தில் இருந்த கலிபோர்னியன் கப்பலின் ஆபரேட்டர் வேலை முடித்துப் படுத்துவிட்டார், அவர் ஒருவர்தான் அந்தக் கப்பலில். அந்த ராத்திரிக்குப் பிறகுதான் கடலில் காது மூடவே கூடாது என்று சட்டம் வரத் தொடங்கியது.

அப்புறம் தந்திகள். சென்னை கடலோர நிலையத்துக்கு வி.டபிள்யூ.எம். என்று கால்சைன், அதாவது ரேடியோவில் அழைக்கும் பெயர். குறிப்பிட்ட நேரத்தில் எந்தெந்தக் கப்பலுக்குத் தந்தி வந்திருக்கிறது என்று கால்சைன்களை வரிசையாக அடிப்பார்கள். நம் கால்சைன் வருகிறதா என்று காத்திருப்போம். ஒருமுறை வங்காள விரிகுடாவில் எங்கள் கப்பல் கிரீஸரின் (இன்ஜின் அறைத் தொழிலாளி) தாயார் இறந்த செய்தியை நான்தான் முதலில் எழுத்தெழுத்தாக வாங்கினேன். கேப்டன் சொல்லும்வரை நான் யாரிடமும் வாய் திறக்கக்கூடாது, சர்டிபிகேட் வாங்கும்போதே ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அன்று மதியம் அவர் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

மின்சாரம் வந்துவிட்டது, ராத்திரி மீதியை எழுதுகிறேன். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சவேண்டும்.

ஓசூர்_பேனல்

ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனால் தம்பிக்கு நான் வேறு சொல்கிறேன். ஓசூரிலேயே இரு, பி.எல்.சி., டிரைவ் நன்றாகக் கற்றுக்கொள், மூன்று வருடத்தில் நிரந்தரமாக எங்காவது கிடைக்கும். மாலையில் பஸ் பிடித்தால் வீடு. கடலில் ஆறு மாதம் அடைந்து கிடப்பதற்கு எதற்கு தோப்பை அடமானம் வைக்கவேண்டும்? அதுவும் மோர்ஸ் எல்லாம் போன வேலை.

போச்சம்பள்ளி_இடிஓ

பேனல் அண்ணா, மோர்ஸ் போனது, வேலை போகவில்லை. நான் ஒன்பது வருடமாக இ.டி.ஓ., இப்போது விடுமுறையில் ஊரில் இருக்கிறேன். அரசு பொறியியல் கல்லூரி, பர்கூர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏஜெண்ட் விஷயம். கப்பலில் ஆள் ஏற்றும் கம்பெனிக்கு ஆர்.பி.எஸ்.எல். என்று டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககம்) கொடுக்கும் லைசென்ஸ் வேண்டும். எண்ணைக் கேள், டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் தேடிப் பார். லைசென்ஸ் இருந்தாலும்கூட வேலை வாங்கிக் கொடுப்பதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக்கூடாது. எம்.எல்.சி. 2006 என்ற கடல் தொழிலாளர் உடன்படிக்கை அப்படிச் சொல்கிறது, இந்தியா 2015-ல் அதில் சேர்ந்தது. பாஸ்போர்ட், மெடிக்கல், சி.டி.சி. செலவு உன்னுடையது, கோர்ஸ் பீஸ் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிக்கு நேராக ரசீதோடு கட்டுவது. "கப்பலில் ஏற்றிவிட" என்று தனியாக லட்சம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடு. என்னோடு படித்த பையன் ஒருவன் இப்படிக் கொடுத்து, ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் சம்பளமில்லாமல் நான்கு மாதம் ஓட்டைக் கப்பலில் கிடந்தான். சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டு வந்து சேர்ந்தான்.

படிப்பு: மின், மின்னணு பிரிவில் டிப்ளமோவோ பொறியியலோ இருக்கவேண்டும், மதிப்பெண்ணும் ஆங்கிலமும் பார்ப்பார்கள், டி.ஜி. ஷிப்பிங்கின் தற்போதைய சுற்றறிக்கையை நீயே தரவிறக்கிப் படி. கப்பலேறும் முன் படிக்கும் இ.டி.ஓ. கோர்ஸ் நான்கு மாதம் போல. அதோடு எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற மாலுமிப் பயிற்சிக்கான உலக உடன்படிக்கை சொல்லும் அடிப்படைப் பயிற்சிகள், தீயணைப்பு, உயிர்காக்கும் முறை, முதலுதவி எல்லாம். இதற்கெல்லாம் முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை: கண். நிறக்குருடு இருந்தால் மெடிக்கலிலேயே நிறுத்திவிடுவார்கள், பீஸ் கட்டிய பிறகு தெரிந்தால் பணம் போனதுதான். புள்ளிகளுக்குள் எண்ணைப் படிக்கும் அட்டைப் பரிசோதனை, கிருஷ்ணகிரியிலேயே எந்தக் கண் மருத்துவரிடமும் செய்யலாம். நாளைக்கே போ.

இப்போது வேலை. 2010 மணிலா திருத்தத்தில்தான் இ.டி.ஓ. என்ற பதவி எஸ்.டி.சி.டபிள்யூ.வுக்குள் முறையாக வந்தது, 2012 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஆனால் எல்லாக் கப்பலிலும் இ.டி.ஓ. இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. கன்டெய்னர், எல்.என்.ஜி., பயணிகள் கப்பல்களில் இருப்பார்கள், பல பல்க் கேரியரில் (நிலக்கரி, தானியம் போன்றதை மொத்தமாக ஏற்றும் கப்பல்) இல்லாமலே ஓட்டுகிறார்கள், அங்கே மின் வேலையையும் இன்ஜினியர்களே பார்த்துக்கொள்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு வா.

கப்பல் மின்சாரம் பெரும்பாலும் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜெனரேட்டர், அதன் வோல்டேஜைச் சீராக்கும் ஏ.வி.ஆர்., மோட்டார்கள், கிரேன், லிப்ட், அலாரம் சிஸ்டம் ஒரு பக்கம். பிரிட்ஜில் ரேடார், கைரோ (திசைகாட்டி), ஏ.ஐ.எஸ். (கப்பலின் அடையாளம் அனுப்புவது), எக்டிஸ் (மின்னணுக் கடல் வரைபடம்), வி.டி.ஆர். (பயணப் பதிவுப் பெட்டி), ரேடியோ எல்லாம் இன்னொரு பக்கம். கன்டெய்னர் கப்பலில் ரீபர் என்ற குளிர்பெட்டிகள் வேறு. நம் ஊர் மாங்கூழ் டிரம்மில் அசெப்டிக்காக, அதாவது கிருமி நீக்கி, அடைத்து வருவதால் அதற்குக் குளிர் வேண்டாம், வாழைப்பழம்தான் 13 டிகிரியில் நிற்கவேண்டும், அது ஏறினால் வழியிலேயே பழுத்துவிடும். முந்நூறு ரீபர் ஏற்றிய பயணத்தில் விடிகாலை நாலு மணிக்கு மழையில் டெக்கில் நின்றுகொண்டு கம்ப்ரசர் கான்டாக்டர் மாற்றியிருக்கிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சிங்கப்பூர் ஜலசந்தி நெருங்கும்போது எக்ஸ்-பேண்ட் ரேடாரில் படம் மங்கிவிட்டது, பக்கத்துப் படகுகூட ஒழுங்காகத் தெரியவில்லை. எல்லோரும் ரேடார் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் போய்விட்டது என்றார்கள், அதன் ஓடிய மணிக்கணக்கும் அதிகம்தான். புதியதைப் போட்டேன். காந்தம் ஒட்டாத திருப்புளிதான் பயன்படுத்தவேண்டும், சாதாரணத் திருப்புளி அதன் காந்தத்தைக் கெடுத்துவிடும். போட்ட பிறகும் அதே மங்கல்தான். மறுநாள் நங்கூரத்தில் நின்றபோது, இரண்டு ரேடாரையும் அணைத்து, ஸ்கேனரை ஐசொலேட் செய்து, கப்பல் ஊதலையும் நிறுத்தி வைக்கச் சொல்லி, பெர்மிட் எழுதி மாஸ்டில் ஏறினேன். ரேடார் அலையைக் கொண்டுபோகும் வேவ்கைடு குழாயின் இணைப்பில் ரப்பர் வளையம் பிய்ந்து உள்ளே தண்ணீர். ஒரு டம்ளர் அளவுகூட இருக்காது. அதைத் துடைத்துக் காயவைத்ததும் படம் வந்துவிட்டது. ஓசூரில் என்றால் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போடுவோம், மறுநாள் பெங்களூரிலிருந்து வந்துவிடுவார். அங்கே அப்படி வருவதற்கு ஆள் கிடையாது.

பழைய_ஸ்பார்க்ஸ்

போச்சம்பள்ளி தம்பி எழுதியது அத்தனையும் சரி. இப்போது என் மீதியை எழுதுகிறேன், இதில் எனக்கு ஆதங்கம் உண்டு, மறைக்கமாட்டேன்.

1992 பிப்ரவரி 1-ல் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற உலகக் கடல் ஆபத்துத் தகவல் முறை தொடங்கியது, 1999 பிப்ரவரி 1-ல் முழுவதும் வந்துவிட்டது. மோர்ஸுக்குப் பதில் செயற்கைக்கோளும் டி.எஸ்.சி. என்ற தானியங்கி ரேடியோ அழைப்பும். பொத்தானை ஐந்து விநாடி அழுத்தினால் கப்பலின் எண்ணும் இடமும் தானாகப் போய்விடும். 406 மெகாஹெர்ட்ஸ் ஈபிர்ப் என்ற ஆபத்து அறிவிப்புக் கருவி, கப்பல் மூழ்கினாலும் தானாக விடுபட்டு மிதந்து கூப்பிடும். இதெல்லாம் நல்லதுதான், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, நான் எதிர்க்கவில்லை. ஆனால் சட்டத்தில் பராமரிப்புக்கு மூன்று வழி வைத்தார்கள்: கருவிகளை இரட்டையாக வைப்பது, கரையில் பழுது பார்க்க ஒப்பந்தம் போடுவது, கப்பலிலேயே பழுது பார்க்கத் தெரிந்த ஆளை வைப்பது. தூரக் கடலுக்கு இதில் இரண்டு போதும். கம்பெனிகள் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்லவேண்டுமா? முதல் இரண்டையும்தான். ரேடியோ எலக்ட்ரானிக்ஸ் சர்டிபிகேட் வைத்திருந்த நாங்கள் மூன்றாவது வழி, எங்களுக்கு ஆள் சம்பளம் கொடுக்கவேண்டுமே. எங்கள் கம்பெனியில் ஒரே கடிதத்தில் பதினாறு பேரை இறக்கினார்கள். நாற்பது வயது எனக்கு, இரண்டு பெண் குழந்தைகள்.

1997 ஜனவரி 31-ல் பிரெஞ்சுக்காரர்கள் 500-ஐ மூடினார்கள். நித்திய மௌனத்துக்கு முன் எங்கள் கடைசிக் கூவல் இது என்று எல்லோருக்கும் மோர்ஸில் அனுப்பிவிட்டுத்தான் மூடினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

பொத்தான் வந்த பிறகு என்ன ஆனது? தப்பு அலாரங்கள். கழுவும்போது கைபட்டு, சோதிக்கும்போது மறந்து, இப்படி வருபவையே பெரும்பகுதி. கரையில் இருப்பவர்கள் ஒவ்வொன்றையும் உண்மை என்று நினைத்துத்தான் துரத்தவேண்டும். ஒரு ஆள் பொறுப்பாக இருந்திருந்தால் இவ்வளவு வராது என்பது என் எண்ணம்.

போச்சம்பள்ளி_இடிஓ

ஐயா, மன்னிக்கவேண்டும், ஒரு இடத்தில் நான் மாறுபடுகிறேன். ஒரே ஆள் கேட்பது என்பதில்தான் பழைய முறையின் ஓட்டை. நீங்களே கலிபோர்னியன் கதை சொன்னீர்கள். மோர்ஸ் தெரிந்த ஒருவர் காய்ச்சலில் படுத்தால் கப்பலே ஊமை. இன்று நடுக்கடலில் மூன்றாம் அதிகாரிகூட ஜி.ஓ.சி. என்ற ரேடியோ சர்டிபிகேட் வைத்திருக்கிறார், எல்லோராலும் கூப்பிட முடியும். ஆள் இல்லாத படகில் ஈபிர்ப் மட்டும் மிதந்து கூப்பிட்டாலும் அதன் இடம் தெரிந்துவிடுகிறது.

ஆனால் பழுது பார்ப்பவனைக் கப்பலை விட்டு இறக்கியது தப்பு, அதில் உங்கள் பக்கம்தான் நான். ஈபிர்ப்பை நீரழுத்தத்தில் விடுவிக்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், நான் ஏறிய ஒரு கப்பலில் தேதி முடிந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது, பெயின்ட் அடித்து மேலே தேதியே தெரியவில்லை. அது நீருக்குள் 4 மீட்டருக்குள் வெட்டிவிடவேண்டும், வெட்டாமல் போயிருந்தால் கப்பலோடு ஈபிர்ப்பும் கீழேதான். ரேடியோ பேட்டரியும் அப்படித்தான், எமர்ஜென்சி ஜெனரேட்டர் இருந்தால் ஒரு மணி நேரம் தாங்கவேண்டும். மீட்டரில் 24 வோல்ட் காட்டும், டிரான்ஸ்மிட் அமுக்கினால் 18-க்கு விழும். லோடு போட்டுப் பார்க்காத ஆளுக்கு அது தெரியவே தெரியாது. மாதா மாதம் பேட்டரி முனைகளைத் துடைக்கும்போது நான் உங்களைப் போன்றவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன், ஐயா. அந்த அறை போய்விட்டது, அந்தப் பொறுப்பு எங்களிடம் வந்திருக்கிறது.

பழைய_ஸ்பார்க்ஸ்

பெயின்ட் அடித்த ரிலீஸ்! படித்ததும் வயிறு கலங்கியது. ஒரே ஆள் என்பதில் நீ சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஐந்து நாள் படுத்தபோது அந்தக் கப்பலுக்கு ஆட்டோ அலாரம் மட்டும்தான் துணை.

அரூர்க்காரி

நான் கப்பல் வேலை தெரியாதவள், இ.டி.ஓ.வின் மனைவி. எல்லோரும் கருவியைப் பற்றிப் பேசுகிறீர்கள், தம்பியின் அப்பா அம்மா படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஆறு மாதம் என்பார்கள், மாற்று ஆள் வரவில்லை என்றால் ஏழாகும். எங்கள் பையன் பிறந்தபோது அவர் பிரேசில் பக்கம். தீர்த்தமலைத் தேர், பொங்கல், மாமனாருக்கு அறுவை சிகிச்சை, எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். கப்பலில் ஏறினால்தான் சம்பளம், ஊரில் இருக்கும் மாதங்களுக்குப் பல கம்பெனிகளில் ஒன்றும் வராது, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளாமல் கடன் வாங்கி வீடு கட்டித் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது கப்பலில் இணையம் இருக்கிறது, முன்போல இல்லை. ஆனாலும் போன வருடம் மூன்று நாள் அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. டிவியில் புயல் செய்தி வேறு. நான் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அழுதிருக்கிறேன். கடைசியில் பேசியபோதுதான் தெரிந்தது, கப்பல் திரும்பிய திசையில் புகைபோக்கி அந்த ஆன்டெனா உருண்டைக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவில் நின்றிருக்கிறது, திசை மாறும்வரை சிக்னல் கிடைக்காதாம். ஆபத்து எதுவும் இல்லை. இனிமேல் அப்படி ஒரு பாதை வருகிறது என்றால் முன்னாடியே சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். தம்பியும் வீட்டில் இப்படிச் சொல்லிப் பழக்கவேண்டும்.

போகவேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் அந்த வேலையை விரும்புகிறார், கண்ணில் தெரிகிறது. அது இருந்தால்தான் வீட்டில் இருப்பவர்களும் தாங்க முடியும்.

ஓசூர்_பேனல்

அக்கா சொன்னதைப் படித்த பிறகும் நான் ஓசூர் கட்சிதான். ஆனால் வேவ்கைடு கதையைப் படித்ததும் இந்த வேலைக்கு என்ன மூளை வேண்டும் என்று புரிந்தது. தம்பி, காசு கொடுத்து வாங்குகிற சர்டிபிகேட்டால் அந்தத் தண்ணீரைக் கண்டுபிடிக்க முடியாது. போவது என்று முடிவானால் கைவேலையை இங்கேயே கூர்தீட்டிக்கொண்டு போ.

போச்சம்பள்ளி_இடிஓ

சரி, தம்பிக்கு ஒரு கேள்வி. இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள், இணையத்தில் தேடாமல் யோசித்துச் சொல். உன் ஓசூர் பேக்டரியில் ஒரு பேஸ் வயர் மோட்டார் உடம்பில் பட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். கப்பலில் 440 வோல்ட் பேஸ் இரும்பு உடம்பில் பட்டாலும் ஒன்றும் விழாது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஏன்? அது எப்படித் தெரியவரும்?

மாந்தோப்பு_பர்கூர்

நான்கு நாள் கழித்து வருகிறேன், எல்லோரும் மன்னிக்கவேண்டும். ஏஜெண்டிடம் ஆர்.பி.எஸ்.எல். எண் கேட்டேன். முதலில் "ஆபீஸில் இருக்கிறது" என்றார், மறுநாள் கேட்டதும் போனையே எடுக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன், ஒன்றும் பேசாமல் தோப்புப் பத்திரத்தை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். கிருஷ்ணகிரியில் கண் பரிசோதனை முடித்தேன், எல்லா எண்ணும் சரியாகப் படித்தேன், நிறம் நார்மல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரிப் பட்டியலை டி.ஜி. ஷிப்பிங் தளத்திலேயே எடுத்துவிட்டேன். அடுத்த பேட்ச் வரை ஓசூரில் வேலை, மிச்சம் பிடித்துக் கட்டப்போகிறேன், போதாததற்கு வங்கிக் கல்விக் கடன். அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

அண்ணா கேள்விக்கு. எங்கள் பேக்டரியில் டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலை எர்த் பண்ணியிருக்கிறார்கள், அதனால் பேஸ் உடம்பில் பட்டதும் கரண்ட் எர்த் வழியாகத் திரும்பிவிடும், பிரேக்கர் விழும். கப்பலில் நியூட்ரலை உடம்போடு சேர்க்காமல் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். திரும்பி வர வழி இல்லை, அதனால் கரண்ட் பெரிதாக ஓடாது. ஸ்டியரிங் மோட்டார் மாதிரி முக்கியமானது நடுவழியில் நிற்கக்கூடாது என்பதற்காக இருக்கும். எப்படித் தெரியும் என்பதற்கு, மெயின் போர்டில் மூன்று பேஸுக்கும் மூன்று விளக்கு உடம்போடு சேர்த்து வைத்திருந்தால், கெட்ட பேஸின் விளக்கு மட்டும் மங்கும் என்று வரைந்து பார்த்தேன்.

போச்சம்பள்ளி_இடிஓ

வரைந்து பார்த்தாய் பார், அதுதான். சரியான விடை, மற்ற இரண்டு விளக்கும் இன்னும் பிரகாசமாகும் என்பதையும் சேர்த்துக்கொள். ஒன்றை விட்டுவிட்டாய்: மோட்டார் ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிடலாமா?

மாந்தோப்பு_பர்கூர்

கூடாது. வேறு ஒரு பேஸ் வேறு எங்காவது உடம்பில் பட்டால் கப்பல் இரும்பு வழியாகவே ஷார்ட் ஆகிவிடும். அதற்கு முன்னால் முதல் எர்த்தைப் பிடிக்கவேண்டும். பீடர்களை (மெயின் போர்டிலிருந்து போகும் லைன்கள்) ஒவ்வொன்றாக அணைத்து விளக்கு எப்போது சமமாகிறது என்று பார்ப்பேன். சமையலறை ஹீட்டர், டெக் விளக்கு மாதிரி ஈரம் படுகிற இடத்தில் ஆரம்பிப்பேன். அணைப்பதற்கு முன் டூட்டி இன்ஜினியரிடமும் பிரிட்ஜிலும் கேட்டுவிட்டுத்தான்.

பழைய_ஸ்பார்க்ஸ்

கேட்டுவிட்டுத்தான் என்று எழுதினாய், அதைப் படித்தபோது எனக்கு நிம்மதி. தம்பி, என்னிடம் கையால் சுற்றும் பழைய மெகர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) ஒன்று இருக்கிறது, 500 வோல்ட், இன்னும் சரியாகக் காட்டும். பம்ப்செட் மோட்டார் ஒன்று ஈரம் ஏறிக் கிடக்கிறது, அதில் அளந்து பழகலாம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் காவேரிப்பட்டணம் வந்துவிடு, வெயில் ஏறினால் மோட்டார் காய்ந்து ரீடிங் மாறிவிடும். நோட்டும் பேனாவும் கொண்டு வா.